மலைக்கு வந்த இயக்கவியல்

நூற்றாண்டு மலர் என்றால் அதிபர்மாரின் வரிசை, கட்டடங்கள் எழுந்த கதை, இல்ல விளையாட்டுப் போட்டி, மறைந்த ஆசிரியைகளுக்கு அஞ்சலி என்று ஒரு முறை உண்டு. அவையெல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்களில் இருக்கின்றன. எங்களிடம் கட்டுரை கேட்டபோது, ஒரு பாடத்தின் வரலாற்றை எழுதட்டுமா என்று கேட்டோம். சங்கீதமாகவோ மனையியலாகவோ இருக்கும் என்று நினைத்து மலர்க்குழு உடனே சம்மதித்துவிட்டது. நாங்கள் நினைத்திருந்தது இயக்கவியலை.

கல் விழுவது, வண்டி ஏறுவது, கப்பியில் கயிறு ஓடுவது பற்றிய அந்தப் பாடத்தைத்தான் சொல்கிறோம். நியூற்றன் 1687இல் எழுதி வைத்த மூன்று விதிகளில் நிற்கும் அது, பொறியியலுக்கோ பௌதிகத்துக்கோ போகும் எவருக்கும் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டிலேயே முன்னால் வந்து நிற்கும். வெலிமடைப் பக்கத்துத் தோட்டப் பெண்பிள்ளை ஒருத்தி அந்த வகுப்பில் போய் உட்காருவதற்கு எத்தனை காலம் எடுத்தது, இடையில் என்னென்ன நடக்க வேண்டியிருந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். எங்கள் வகுப்பில் பொறியியலுக்குப் போனவர்களும் உண்டு, வைத்தியத்துறைக்கு வந்தவர்களும் உண்டு. எல்லோருமாகக் கூடி நினைவுபடுத்தியதால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். பேனா பிடித்திருப்பவர் வைத்தியர்; கையெழுத்தைத் தட்டச்சு செய்த தங்கைக்கு நன்றி.

இலங்கையில் பல்கலைக்கழக மட்டத்தில் இந்தப் பாடத்துக்கு ஒழுங்கான இடம் கிடைத்தது 1921இல், கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது. பாடம் கொழும்பில், பரீட்சை லண்டன் பல்கலைக்கழகத்தினுடையது. மொழி ஆங்கிலம். அப்போது நம் மலையில் என்ன நடந்துகொண்டிருந்தது? ரயில் பாதை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நானுஓயாவுக்கு 1885இலும் பண்டாரவளைக்கு 1894இலும் வந்துவிட்ட ரயில், பதுளையைத் தொட 1924 ஆயிற்று. நம் பாடசாலைக்கும் பதுளை ரயிலுக்கும் ஏறத்தாழ ஒரே வயது.

அந்த முப்பது ஆண்டுத் தாமதத்துக்கு உள்ள காரணங்களில் ஒன்று முழுக்க முழுக்க நம் பாடத்தைச் சேர்ந்தது. மலைநாட்டுப் பாதையில் ரயில் ஏறக்கூடிய உச்சச் சாய்வு 44க்கு 1. அதாவது 44 அடி ஓடினால் 1 அடி ஏறலாம், அதற்கு மேல் கூடாது. சாய்தளக் கணக்குச் செய்தவர்களுக்குத் தெரியும்: சாய்வு 44க்கு 1 என்றால், வண்டியின் நிறையில் 44இல் ஒரு பங்கு பின்னோக்கி இழுக்கும். 220 தொன் ரயிலை 5 தொன் நிறைக்குச் சமமான விசை கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். உராய்வு அதற்கு மேலே தனி. சாய்வைக் கூட்டினால் எஞ்சின் திணறும், சில்லு வழுக்கும். எல்லயிலிருந்து தெமோதரை வரை நிலம் சடாரென்று விழுவதால், பாதையை நீட்டிச் சுற்றிவிட்டார்கள். ரயில் தெமோதரை நிலையத்தைக் கடந்து, மலையைச் சுற்றி வளைந்து, அதே நிலையத்துக்குக் கீழே சுரங்கத்தில் நுழைகிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்துத்தான் எஞ்சினியருக்கு அந்த யோசனை வந்தது என்று ஒரு கதை நம் பக்கத்தில் சொல்வார்கள். கதை எவ்வளவு மெய்யோ, அதில் ஒரு நீதி இருக்கிறது. யோசனை கங்காணியின் தலையில் இருந்தது, கணக்கு வேறொருவரின் கையில்.

அந்தக் கங்காணியின் பேத்திக்குக் கணக்குப் படிக்க வழி இருந்ததா? 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டத்திலுள்ள 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க ஏற்பாடு செய்யும்படி தோட்ட நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தியது. பத்து வயதுக்கு மேல்? சட்டம் பேசவில்லை. பத்து வயதுக்கு மேல் கையில் கொழுந்துக் கூடை. ஒரே ஓர் ஆசிரியர், ஒரே ஒரு மண்டபம், கூட்டல் கழித்தல் வாய்ப்பாடு. கொழும்பில் எறியங்களின் பாதையை வரைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்தப் பாடத்துக்கும் நம் பிள்ளைகளுக்கும் இருந்த இடைவெளி அது.

கொழும்புக் கல்லூரியில் அந்தப் பாடத்தைப் படித்து உலகம் அறியப் போன ஒரு தமிழரைச் சொல்லாமல் விட முடியாது. கிறிஸ்தி ஜெயரத்தினம் எலியேசர், 1918இல் பிறந்தவர். கல்லூரியிலிருந்து கேம்பிரிட்ஜ் சென்று, நோபல் பரிசு பெற்ற டிராக்கிடம் ஆய்வு செய்தார். ஓர் இலத்திரன் தன்னைக் கவரும் ஏற்றத்தை நோக்கி நேராகப் போனால் என்ன ஆகும் என்று பழைய இயக்கவியலின் வழியிலேயே டிராக்கின் சமன்பாட்டை வைத்துக் கணக்கிட்டார். கவரப்படும் துணிக்கை போய் மோதும் என்றுதானே எவரும் நினைப்போம்? மோதாது, திரும்பி ஓடும் என்று கணக்கு சொன்னது. பழைய இயக்கவியலை அணுவுக்குள் எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்ற கேள்விக்கு அது இன்றும் எடுத்துக்காட்டப்படும் முடிவு. பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். அங்கிருந்து மலாயாவுக்கும் அதன் பின் மெல்பேர்ணில் உள்ள லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கும் போனார். 2001இல் காலமானார். மெல்பேர்ணிலிருந்து இந்த மலரை வாசிக்கும் அக்காமாரில் சிலர் அவரைத் தமிழ் நிகழ்ச்சிகளில் கண்டிருக்கக்கூடும்.

இன்னொரு பெயர் எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1960இல் இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் ஒரு பெண் சேர்ந்தார். நாட்டின் முதல் பெண் பொறியியலாளர் என்று இன்று போற்றப்படும் பிரேமளா சிவசேகரம் அவர். 1964இல் பட்டம் பெற்றார். தமிழ்ப் பெண். இதை நாங்கள் பாடசாலையில் படித்த காலத்தில் எவரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தால், "பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்கு எஞ்சினியர் வேல?" என்று கேட்ட மாமாமார்களுக்குக் கொடுக்க ஒரு பதில் கையிலிருந்திருக்கும்.

ஆனால் அதே 1964இல் நம் மலையில் வேறொரு கணக்குப் போட்டார்கள். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று. 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாட்டுக்கெல்லாம் கதவைத் திறந்தபோது, தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே கிடந்தன. அரசாங்கம் அவற்றை முழுமையாகப் பொறுப்பெடுக்க 1970களின் பிற்பகுதி ஆயிற்று. ஆகவே பிரேமளா சிவசேகரம் முதலாம் ஆண்டு விரிவுரைக்குப் போன நாட்களில், நம் தாய்மாரில் பலர் ஐந்தாம் வகுப்போடு பெரட்டுக்குப் போய் நின்றார்கள்.

இதற்கிடையில் சத்தமில்லாமல் ஒரு பெரிய வேலை நடந்திருந்தது. நூற்றாண்டு விழா உரைகளில் எவரும் இதைச் சொல்வதில்லை என்பதால் நாங்கள் கொஞ்சம் நின்று சொல்கிறோம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் விஞ்ஞானத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்க வேண்டும் என்று வந்தபோது, சொற்கள் வேண்டியிருந்தன. அரசகரும மொழித் திணைக்களத்தின் வெளியீட்டுப் பிரிவும், பின்னர் கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் கலைச்சொற் தொகுதிகளை அச்சிட்டன. ஆங்கிலப் பாடநூல்கள் தமிழுக்கு வந்தன. நிலையியல், இயக்கவியல் என்ற இரண்டு பெயர்களும் உயர்தர வகுப்புக் கரும்பலகைக்கு ஏறின.

அந்தச் சொற்களை இப்போது எடுத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. வேகம் கூடுவது ஆர்முடுகல், குறைவது அமர்முடுகல். முடுகுதல் என்றால் விரைதல். ஒரு பக்கம் 'ஆர்', நிறைதல். மறு பக்கம் 'அமர்', அடங்குதல். பரீட்சை மண்டபத்தில் பதறிப்போனாலும் இவை இரண்டையும் மாற்றி எழுத முடியாது. உராய்வில்லாத மேசை 'ஒப்பமான' மேசை, உராய்வுள்ளது 'கரடான' மேசை. தொட்டுப் பார்த்த மாதிரி இருக்கும். 'இலேசான நீட்டமுடியாத இழை' என்று ஒரு தொடர் பிரயோக கணிதத்தில் கணக்குக்குக் கணக்கு வரும். நிறையும் இல்லாத, இழுத்தால் நீளவும் செய்யாத ஓர் இழை உலகத்தில் எங்கே இருக்கிறது என்று ஆசிரியையைக் கேட்டதற்கு, "வினாத்தாளில் இருக்கு, எழுதுங்க" என்றார்.

தமிழ்ச் சொல்லின் அருமை எங்களுக்குப் பல்கலைக்கழகத்தில்தான் தெரிந்தது. ஆங்கிலத்தில் மொமென்ட் என்று ஒன்று, மொமென்டம் என்று ஒன்று. முதலாம் ஆண்டில் வேகமாகப் பேசும் விரிவுரையாளரிடமிருந்து இவற்றைப் பிரித்துக் கேட்பதே ஒரு வேலை. தமிழில் முன்னது திருப்பம், பின்னது உந்தம். கதவைத் திருப்புவதும் ஆளை உந்துவதும் எப்படிக் குழம்பும்? 'மொமென்ட் ஒஃப் மொமென்டம்' என்று விரிவுரையாளர் சொன்னபோது மண்டபத்தில் பாதிப்பேர் முழிக்க, எங்கள் பிள்ளைகள் 'உந்தத்தின் திருப்பம்' என்று மனதுக்குள் மாற்றிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். இதை அவர்களே எங்களுக்குச் சொன்னார்கள். சற்றுப் பெருமையோடுதான் சொன்னார்கள்.

இந்தியாவுக்குப் போன நம் தோழிகளுக்கு நேர்ந்தது வேறு கதை. ஒப்பந்தத்தின் கீழ் குடும்பத்தோடு கப்பலேறி நீலகிரிப் பக்கம் போய் அங்கே பாடசாலையில் சேர்ந்தவர்களுக்கும் பாடம் தமிழில்தான். ஆனால் அங்கே ஆர்முடுகல் முடுக்கம் ஆகிவிட்டது. அது பரவாயில்லை, புதுச்சொல் என்று படித்துக்கொள்ளலாம். பொல்லாதவை ஒரே சொல்லுக்கு வேறு பொருள் கொண்டவை. நாம் பொருளின் அளவைத் திணிவு என்றும், அதைப் பூமி இழுக்கும் விசையை நிறை என்றும் படித்தோம். தமிழ்நாட்டில் அந்தப் பொருளின் அளவுக்கே நிறை என்று பெயர், இழுவிசைக்கு எடை. நமக்குத் திசையோடு சொல்வது வேகம், திசையில்லாமல் சொல்வது கதி. அவர்களுக்குத் திசையோடு சொல்வது திசைவேகம், திசையில்லாததுதான் வேகம். நம் சக்தி அங்கே ஆற்றல், நம் வலு அங்கே திறன். இயக்கவியலின் முதல் பாடமே திணிவும் நிறையும் வேறு என்பதுதான். அந்த இரண்டுக்கும் நடுவில் கடலைக் கடந்து போய் நின்ற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். கோத்தகிரியிலும் குன்னூரிலும் இருந்து இதை வாசிக்கும் அக்காமார் உங்கள் அனுபவத்தை எழுதி அனுப்ப வேண்டும். அடுத்த மலருக்கு நூறு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

சொல் வந்துவிட்டது. பாடநூல் வந்துவிட்டது. ஆனால் வகுப்பு வரவில்லை.

இந்நாட்டில் உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள பாடசாலைகளை '1ஏபி' என்பார்கள், கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவற்றை '1சி' என்பார்கள். மலையகத்தில் தமிழ் மொழிமூல 1ஏபி பாடசாலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாகவே நெடுங்காலம் இருந்தன. சாதாரண தரத்தில் கணிதத்துக்கு 'டி' எடுத்தாலும், கணிதப் பிரிவு வேண்டும் என்றால் நாங்கள் வெலிமடையை விட்டு வெளியேற வேண்டும். பண்டாரவளை அல்லது பதுளை. விடியற்காலை இருட்டில் தோட்டத்துப் பாதையில் நடந்து வந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்குப் போகலாம். திரும்பி வர மறுபடி இருட்டிவிடும். இல்லையேல் சொந்தக்காரர் வீட்டில் தங்க வேண்டும், அல்லது விடுதிக்குக் காசு கட்ட வேண்டும். அண்ணனுக்குக் காசு கட்டுவார்கள். எங்களுக்கென்றால் ஒரு குடும்பக் கூட்டம் கூடும்.

எங்கள் ஆண்டில் கணிதப் பிரிவு கேட்ட நால்வரில் இருவரை ஒரு பாடசாலையில் "பெண்பிள்ளைகள் உயிரியல் எடுங்க, கணிதம் கஷ்டம்" என்று சொல்லித் திருப்பினார்கள். அந்தப் பாடசாலையின் பெயர் இங்கே வேண்டாம்; அப்படிச் சொன்ன பாடசாலை அது ஒன்றுதானா என்ன? திருப்பப்பட்ட இருவரில் ஒருவர் இதை எழுதுபவர். வைத்தியரானதில் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அது நாங்கள் எடுத்த முடிவாக இருந்திருக்க வேண்டும்.

அப்போது உயர்தரத்தில் நான்கு பாடங்கள். தூய கணிதம் தனி, பிரயோக கணிதம் தனி. 2000ஆம் ஆண்டுப் பரீட்சையோடு பாடங்கள் மூன்றாகி, இரண்டு கணிதமும் சேர்ந்து 'இணைந்த கணிதம்' ஆயின. முதல் வினாத்தாள் தூய கணிதம், இரண்டாவதில் பிரயோக கணிதம். சுமை குறைந்தது என்றார்கள். எங்கள் அபிப்பிராயம் வேறு. ஆசிரியர் தட்டுப்பாடு உள்ள பாடசாலையில் ஒரே ஆசிரியர் இரண்டையும் இழுத்துக்கொண்டு போகும்போது, கடைசித் தவணையில் ஓடி முடிக்கப்படுவது பெரும்பாலும் பிரயோகப் பகுதிதான். அதை ஈடுகட்ட டியூசன். டியூசன் இருப்பது பட்டணத்தில். மறுபடியும் பஸ்.

பஸ் என்றதும், முதலாம் ஆண்டு இயக்கவியல் உயர்தர இயக்கவியலிலிருந்து எதில் வேறுபடுகிறது என்பதைச் சொல்ல வசதியாகிவிட்டது. பொறியியல் பீடத்துக்குப் போன எங்கள் இருவரும் முதல் வாரம் ஏமாந்துபோனார்களாம். அதே துணிக்கை, அதே சாய்தளம், அதே இழை. இதைத்தானே இரண்டு வருடம் செய்தோம் என்று நினைத்தார்கள். மூன்றாம் வாரம் விரிவுரையாளர் கேட்டார்: விசை சமன் திணிவு தர ஆர்முடுகல் என்று எழுதுகிறீர்களே, அது எங்கே நின்று பார்ப்பவருக்கு உண்மை?

நுவரெலியா பஸ் ஹக்கல வளைவுகளில் திரும்பும்போது நாமெல்லாம் வெளிப்பக்கம் சாய்வோம், ஜன்னலோரம் இருப்பவர் நசுங்குவார். வளைவின் ஆரை 20 மீற்றர், பஸ்ஸின் கதி மணிக்கு 30 கிலோமீற்றர் என்று வைத்தால், 50 கிலோ பிள்ளையை வெளியே தள்ளுவதாகத் தோன்றும் விசை ஏறத்தாழ 170 நியூற்றன். இன்று பல தோட்டங்களில் ஒரு முழுப் பேருக்குக் கேட்கும் 18 கிலோ கொழுந்தின் நிறை அவ்வளவுதான். யார் தள்ளுகிறார்? யாரும் இல்லை. பாதையோரம் நின்று பார்ப்பவருக்கு, நாம் நேரே போகத்தான் பார்க்கிறோம், பஸ்தான் நமக்குக் குறுக்கே திரும்புகிறது. பஸ்ஸின் சுவர் நம்மை உள்ளே தள்ளித் தன்னோடு திருப்பிக்கொண்டு போகிறது. பஸ்ஸுக்குள் இருப்பவருக்கோ, நியூற்றனின் விதி சரியாக வர வேண்டுமானால் இல்லாத ஒரு விசையை எழுதிக்கொள்ள வேண்டும். மையநீக்க விசை என்று நாங்கள் மனப்பாடம் செய்தது அதைத்தான். உயர்தரத்தில் விடை வந்தால் போதும். பல்கலைக்கழகத்தில், எந்த இடத்தில் நின்று இந்த விடையைச் சொல்கிறாய் என்று கேட்கிறார்கள். அங்கிருந்துதான் காவிகளும் நுண்கணிதமும் உண்மையில் வேலை செய்யத் தொடங்குகின்றன. சூரியனைச் சுற்றும் கோள் சம நேரத்தில் சம பரப்பைக் கடக்கிறது என்று கெப்ளர் சொன்னது, உந்தத்தின் திருப்பம் மாறாது என்ற ஒரே வரியில் வந்து விழுகிறது. எங்கள் தோழி ஒருத்தி அந்த விரிவுரை முடிந்த அன்று மாலையே தபால் அட்டையில் எங்களுக்கு எழுதினாள். வைத்தியபீட விடுதியில் உடற்கூற்றுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதை வாசித்த எங்களுக்குக் கொஞ்சம் பொறாமை.

அந்தப் பாடம் எங்களை முழுதாக விட்டுவிடவும் இல்லை. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டில் விழும் விசை உடல் நிறையின் இரண்டரை, மூன்று மடங்கு. உடலின் நிறை மூட்டுக்குத் தூரத்தில் இழுக்கிறது, அதைத் தாங்கும் தசை மூட்டுக்குக் கிட்ட இருந்து இழுக்கிறது. திருப்பங்கள் சமன்பட வேண்டுமானால், கிட்ட இருப்பது கூட இழுத்துத்தான் ஆக வேண்டும். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். இப்போது தலையில் கயிறு போட்டு, முதுகில் கூடை தொங்க, ஈர மலையில் ஏறி இறங்கும் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் "புடரி நோவு, இடுப்பு நோவு" என்று வந்து உட்காரும் அம்மாமாரிடம் கூடை எங்கே தொங்கும், கயிறு தலையில் எந்த இடத்தில் பதியும் என்று நாங்கள் கேட்பதுண்டு. டொக்டர் ஏன் இதையெல்லாம் கேட்கிறார் என்று அவர்கள் சிரிப்பார்கள்.

நிறுவையில் தராசைப் பார்த்துக்கொண்டே நிற்பவர்களும் அவர்கள்தான். கூடையின் நிறை, தண்ணீரின் நிறை என்று எத்தனை கிலோ கழித்தார்கள், அரைப்பேரா முழுப்பேரா என்பதைத் துல்லியமாகச் சொல்வார்கள். திணிவும் நிறையும் அவர்கள் படிக்கவில்லை. ஆனால் முள் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும்.

இன்று வெலிமடைக்குப் போகும் பழைய மாணவிகள் உமா ஓயாவைப் பார்க்காமல் வரமாட்டார்கள். புகுல்பொலயில் அணை கட்டி ஆற்றை மறித்து, டயரபா வழியாகச் சுரங்கத்தில் கொண்டுபோய், ரந்தெனியவில் நிலத்துக்கடியில் உள்ள மின்நிலையத்தில் விழுத்துகிறார்கள். 2024 ஏப்ரலில் திறந்தார்கள். வலு 120 மெகாவாற்று. விழும் உயரம் ஏறத்தாழ 700 மீற்றர் என்று எடுத்துக்கொண்டு, முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கொப்பியின் ஓரத்தில் கணக்கிடலாம். ஒவ்வொரு கிலோகிராம் நீரும் 6,860 யூல் சக்தியைக் கொண்டுவருகிறது. இழப்பே இல்லையென்றால் அடியில் அதன் கதி செக்கனுக்கு 117 மீற்றர், மணிக்கு 420 கிலோமீற்றர். 120 மெகாவாற்றுக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 17½ கன மீற்றர் நீர் வேண்டும். உண்மையில் இன்னும் கொஞ்சம் கூட.

அதே கணக்கின் மறுபக்கமும் நம் ஊரிலேயே இருக்கிறது. சுரங்கம் தோண்டும்போது நிலத்தடி நீர் உள்ளே பாய்ந்து, பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். நீர் இறங்கினால் மண் அமுங்கும், மண் அமுங்கினால் சுவர் வெடிக்கும் என்பதை அறிக்கைகளில் எழுதியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். அந்த அறிக்கைகளை வாசித்துக் கேள்வி கேட்கக்கூடியவர்கள் இப்போது நம் பழைய மாணவிகளிலும் சிலர் இருக்கிறார்கள். தெமோதரை வளைவு கட்டிய நாளில் ஒருவரும் இருக்கவில்லை.

சிலர்தான். பதுளை மாவட்டம் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் சலுகை உண்டு. ஆனால் சலுகையைப் பெற முதலில் கணிதப் பிரிவில் பரீட்சை எழுத வேண்டும். அதற்கு ஆசிரியர் வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தொண்ணூறுகளிலிருந்து மலையகத்துக்கு ஆசிரியர்களை உருவாக்கித் தந்து ஆரம்ப, இடைநிலை வகுப்புகளின் நிலையை மாற்றியிருக்கிறது. உயர்தர இணைந்த கணிதத்துக்குப் பட்டதாரி தேவை. அந்தப் பட்டதாரி வெலிமடையில் தங்க வேண்டும். இவ்விரண்டில் இரண்டாவதே கடினம் என்று அதிபர் சொல்கிறார்.

கடைசியாக ஒரு தகவலும் ஒரு வேண்டுகோளும். எங்களுக்கு முன் பொறியியலுக்குப் போன அக்கா ஒருவர் எண்பது பக்கக் கொப்பி ஒன்று வைத்திருந்தார். இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல், கீழே சிறிய எழுத்தில் அதை விரிவுரையில் எப்படி உச்சரிக்கிறார்கள் என்பது. 'லைற் ஸ்ட்ரிங்' என்பதற்கு எதிரே "ஒளி அல்ல, இலேசான இழை!" என்று சிவப்பு மையில் எழுதியிருப்பார். கொப்பி அவரிடமிருந்து எங்கள் தோழிகளுக்கும், அவர்களிடமிருந்து அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கும் கைமாறியது. ஒவ்வொருவரும் சில சொற்களைச் சேர்த்தார்கள். பழுப்புத்தாள் உறை போட்டது. முதல் பக்கத்தில் பெயர் இல்லை, 'நிலையியல் – இயக்கவியல்' என்று மட்டும் இருக்கும். இப்போது அது யாரிடம் இருந்தாலும் பாடசாலை நூலகத்துக்கு ஒரு நிழற்படப் பிரதி கொடுத்துதவுங்கள். இவ்வாண்டு இணைந்த கணிதம் எடுத்திருக்கும் பிள்ளைகள் ஏழு பேர், ஐவர் பெண்பிள்ளைகள்.